நாலு சில்லும் இழுக்கும்

ஆனந்தராஜா வெண்டிக்காய் வாங்கினால்கூட ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்துத்தான் பையில் போடுவார். கடைக்காரர் முறைப்பார். அதைப் பற்றி ஆனந்தராஜாவுக்குக் கவலையில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு காரை வாங்கும்போது குனிந்து அதன் அடியைக்கூடப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நடந்தது அதுதான்.

கார் தேவைப்பட்டது அவருக்கு இல்லை. அவர் மோர்டனில் குடியிருந்து, நோர்தேர்ன் லைனில் ரயில் ஓட்டுகிறவர். வேலை நேரத்தில் முக்கால்வாசி தரைக்குக் கீழேதான். மழையோ பனியோ அங்கே எட்டிப் பார்க்காது. கார் தேவைப்பட்டது அவருடைய மனைவி அஜந்தாவுக்கு. அஜந்தா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நேர்ஸ். நாற்பது வயதில் படிக்கத் தொடங்கி, சமையலும் பிள்ளையும் பரீட்சையுமாக நாலு வருடம் இழுபட்டு, அந்த நீலச் சட்டையைப் போட்டவள். கோல்ஸ்டனுக்கு மேலே, லண்டன் முடிந்து வயல் தொடங்குகிற குன்றுப் பகுதிதான் அவள் போகிற சுற்று. ஒற்றைக் கார் போகிற ஒழுங்கைகள், இரண்டு பக்கமும் வேலி, தெருவிளக்கு கிடையாது.

போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கே பனி கொட்டியது. அஜந்தாவின் பழைய கார் குன்றின் அடிவாரத்திலேயே வழுக்கி ஒரு வேலியில் சாய்ந்து நின்றுவிட்டது. மேலே மிஸ்டர் பிரைஸ் என்று எண்பத்துநாலு வயதுக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். காலில் ஆறாத புண், வாரத்துக்கு இரண்டு தடவை கட்டு மாற்ற வேண்டும். அஜந்தா ஒஃபிசுக்கு அறிவித்தாள். ஒஃபிசிலிருந்து அவருக்கு அறிவிக்க யாரோ மறந்துவிட்டார்கள். அவர் காலை ஒன்பது மணிக்குக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்து, காலுக்குக் கீழே துவாய் விரித்து, இருட்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து அஜந்தா மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லை, எனக்கு வேறு என்ன வேலை இருந்தது" என்றாராம். திட்டியிருந்தால் மறந்திருப்பாள். அந்தப் பரவாயில்லைதான் அவளை விடவில்லை.

செப்டெம்பரில் டீம் லீடர் முடிவாகச் சொல்லிவிட்டாள். டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து குன்றுச் சுற்றுக்குப் போகிறவர்களிடம் நாலு சக்கரமும், எங்கள் பேச்சில் நாலு சில்லும், சேர்ந்து இழுக்கிற வண்டி இருக்க வேண்டும். இல்லாதவர்களுக்கு சட்டன் கிளினிக்கில் மேசை வேலை. மிஸ்டர் பிரைஸையும் மற்றவர்களையும் வேறு யாராவது பார்ப்பார்கள்.

"மேசையில இருந்து போனுக்குப் பதில் சொல்லவோ நான் நாலு வருசம் முறிஞ்சு படிச்சனான்?" என்றாள் அஜந்தா. அவளுக்குக் கண் கலங்கியது.

ஆனந்தராஜாவுக்கு மனைவி அழுதால் தாங்காது. "நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும். கார் விசயம் நான் பாக்கிறன்," என்றார். அங்கேதான் பிழை தொடங்கியது.

அன்றிலிருந்து வீடு பள்ளிக்கூடமாகிவிட்டது. வேலை முடிந்து வந்ததும் யூடியூப்பைத் திறந்துகொண்டு உட்காருவார். நோர்வேக்காரன் ஒருவன் பனியில் கார் ஓட்டுவான், கனடாக்காரன் ஒருவன் டயரைக் கழற்றிக் காட்டுவான். இவர் ஒரு கொப்பியில் குறிப்பெடுப்பார். பழைய கார் விற்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று தலைப்புப் போட்டு, கோடடித்து, பதினேழு கேள்விகள் எழுதி முடித்தார். முதலாவது கேள்வியே, நாலு சில்லும் இழுக்குமா, எப்படித் தெரியும் என்பதுதான்.

"அப்பா, இது என்ன, ஏ லெவல் எக்ஸாமா?" என்று மகள் மிதுஷா சிரித்தாள். அவளுக்குத்தான் அந்த வருடம் உண்மையான ஏ லெவல். அவளைவிட அப்பா கூடப் படித்தார்.

யூடியூப் போதாதென்று ஆளாளுக்கும் போன் போட்டுக் கேட்டார். டிப்போவில் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். கோயிலில் அர்ச்சனைக்கு நிற்கிற வரிசையில் கேட்டார். எல்லாருக்கும் மேலே செபமாலைமுத்து அண்ணை இருந்தார். மன்னார்க்காரர், டூட்டிங்கில் இருபது வருடமாக மினிகாப் ஓட்டுகிறவர், ஆகவே கார் விசயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

"தம்பி, தெரியாதவனிட்டைப் போனீரெண்டால் ஏதாவது ஓட்டை வண்டியைத் தலையில கட்டிப்போடுவான். எங்கட ஆக்களிட்டைப் பாரும். ஒரு நாளும் ஏமாத்தமாட்டினம்."

அஜந்தா ஒன்றிரண்டு தடவை வாயைத் திறந்து பார்த்தாள். "இஞ்சாருங்கோ, அந்த ஒழுங்கை எப்பிடியெண்டால்..."

"பொறும் பொறும், உவன் டயர் அகலத்தைப் பற்றிச் சொல்லுறான்," என்று ஆனந்தராஜா கையைக் காட்டினார். அவள் போய் மாவைக் குழைத்தாள்.

நவம்பர் நடுவில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. வெம்பிளியில் எங்கட ஆக்கள் ஒரு குட்டி ஜீப் விற்கினம், நல்ல வெள்ளை, நாலு சில்லும் இழுக்கும், வீட்டுப் பாவனை. அடுத்த சனிக்கிழமையே கொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அஜந்தாவையும் கூட்டிக்கொண்டு ஆனந்தராஜா வெம்பிளிக்குப் போனார்.

வீட்டு வாசலில் கார் நின்றது. உயரமாக, கூரையில் வெள்ளிக் கம்பிகளோடு, பார்த்தால் மலையையே ஏறி இறங்கும் போல இருந்தது. ஆனந்தராஜா கொப்பியை வெளியே எடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா, பாலாம்பிகை, சிரித்த முகத்தோடு நின்றார்.

"வாங்கோ வாங்கோ, குளிருக்க நிக்காமல் உள்ள வாங்கோ. கார் எங்கயும் ஓடிப்போகாது. தம்பி ஊரில எவடம்?"

"மானிப்பாய் அக்கா."

"மானிப்பாயோ! ஐயோ, அங்க நாகேஸ்வரியைத் தெரியுமோ? என்னோட படிச்சவள்."

"அவ என்ர பெரியம்மாவின்ர மகள்."

அவ்வளவுதான். பாலாம்பிகை கையைத் தட்டிக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ, எங்கட நாகேஸ்வரியின்ர தம்பி வந்திருக்கிறார்!" கணவர் கிருஷ்ணராசா ஓடி வந்து ஆனந்தராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாகேஸ்வரியும் பாலாம்பிகையும் வகுப்பில் ஒரே வாங்கில் பக்கம் பக்கமாக இருந்து படித்தவர்கள், ஒருநாள் ஒரே மாங்காயைத் திருடித் தின்று ஒன்றாக அடி வாங்கியவர்கள் என்ற கதையெல்லாம் வந்தது. கதைக்குப் பின்னால் தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணியோடு வடை, வடைக்குப் பிறகு றோல்ஸ், அதற்குப் பிறகு "இவ்வளவு தூரம் வந்திட்டுச் சும்மா போறதோ" என்று சோறும் கோழிக்கறியும்.

ஒரு வீட்டில் கை நனைத்தாயிற்று என்றால் அதற்குப் பிறகு எங்கள் ஆட்களுக்கு வாயில் கேள்வி வராது. சோற்றைப் போட்ட கையிடம், உங்கள் கார் விபத்தில் மாட்டியதா, மைல் கணக்கைத் திருப்பி வைத்தீர்களா என்று எப்படிக் கேட்பது? வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்து, அவர்களுடைய காரின் வயிற்றை லைட் அடித்துப் பார்ப்பதா? அது அவர்களைக் கள்ளர் என்று சொல்வதற்குச் சமம். பதினேழு கேள்விகளும் ஆனந்தராஜாவின் நெஞ்சுக்கு மேலே, பையில் சத்தமில்லாமல் இருந்தன.

அஜந்தா மட்டும் மெதுவாகத் தொடங்கினாள். "அக்கா, இது நாலு சில்லும்..."

மேசைக்குக் கீழே ஆனந்தராஜா அவளுடைய காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

"ஓம் பிள்ளை, நாலு சில்லும் புது டயர்," என்றார் பாலாம்பிகை, கறியை ஊற்றிக்கொண்டே.

பிறகு கிருஷ்ணராசா காரைக் காட்டினார். ஆசனம் சூடாகும், கூரை திறக்கும், பின்னால் போனால் திரையில் படம் தெரியும். ஆனந்தராஜா ஹோர்னை ஒருதரம் அடித்துப் பார்த்து, "நல்ல சத்தம்," என்றார். மூன்று மாத ஆராய்ச்சியில் வெளியே வந்த ஒரே சொல் அதுதான். மாலை ஆறு மணிக்கு, பின் ஆசனத்தில் ஒரு பார்சல் றோல்ஸோடு, அவர்கள் புதுக் காரில் மோர்டனுக்குத் திரும்பினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் முதலாம் திகதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, காரின் வீரத்தைக் குடும்பத்துக்குக் காட்ட ஆனந்தராஜா ஆசைப்பட்டார். முதல்நாள் மழை, இரவு உறைபனி. அஜந்தாவையும் மிதுஷாவையும் ஏற்றிக்கொண்டு, கோல்ஸ்டன் தாண்டி, அஜந்தா போகிற ஒழுங்கையில் ஏறினார். "பாரும், எப்பிடிப் போகுது, பூப்போலப் போகுது," என்று வழியெல்லாம் அவரே காருக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டு வந்தார்.

பாதி மேட்டில் எதிரே ஒரு குதிரை வந்தது. அதன்மேல் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண். ஆனந்தராஜா மரியாதையாகக் காரை ஓரத்துப் புல்லில் இறக்கி வழிவிட்டார். குதிரை போனது. கார் போகவில்லை.

அக்சிலரேட்டரை அழுத்தினார். உறுமல் கேட்டது, சேறு பறந்தது, கார் நின்ற இடத்திலேயே இன்னும் இரண்டு அங்குலம் தாழ்ந்தது. அஜந்தா இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள். கண்ணாடியைத் தட்டினாள்.

"பின் சில்லு ரெண்டும் அசையவேயில்லை."

"அது ஒட்டோமெற்றிக். தேவை வந்தால்தான் பின் சில்லு வேலை செய்யும்."

"இதைவிட என்ன தேவை வரவேணும்?" என்றாள் அஜந்தா.

குதிரைக்காரப் பெண் திரும்பி வந்து இறங்கினார். பெயர் பமெலா என்றார். சேற்றில் முழங்காலை ஊன்றி, தலையைச் சாய்த்துக் காரின் அடியைப் பார்த்தார். குதிரையும் தலையைக் குனிந்தது. பிறகு எழுந்து, யாருடைய மனமும் நோகாதபடி மெதுவாகச் சொன்னார். இந்தக் கார் இரண்டு விதமாக வருகிறது, வெளியில் பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. நாலு சில்லும் இழுக்கிற விதத்தில் முன்னாலிருந்து பின்னுக்கு ஒரு தண்டு போகும், பின் சில்லுகளுக்கு நடுவே ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். இதில் இரண்டும் இல்லை. முன் சில்லு மட்டும்தான்.

"நகரத்துக்கு அருமையான கார்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

மிதுஷா சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள். ஆனந்தராஜா சேறு தெறித்த முகத்தோடு நின்றார். முதலாவது கேள்வி! கொப்பியின் முதலாவது பக்கத்தில், சிவப்பு மையால் அடிக்கோடிட்ட முதலாவது கேள்வி!

பமெலா நூறு அடி தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போய், பழைய சின்னப் பெட்டி போன்ற ஒரு வண்டியைக் கொண்டுவந்து, கயிறு கட்டி, இரண்டு நிமிடத்தில் இவர்களை இழுத்து ரோட்டில் விட்டார். ஆனந்தராஜா வெட்கத்தில் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை. அஜந்தா மட்டும் அந்தப் பெட்டி வண்டியை ஒருதரம் சுற்றி வந்து, பமெலாவிடம் நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். போன் நம்பரும் வாங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அஜந்தா சொன்னாள். "காரைத் திருப்பிக் குடுப்பம்."

"என்ன கதை கதைக்கிறீர்? அவையின்ர வீட்டில கை நனைச்சிட்டு, எந்த முகத்தோட போய்க் கேக்கிறது? நாகேஸ்வரி அக்காவின்ர காதில விழுந்தால் என்ன நினைப்பா?" ஆனந்தராஜா நடந்துகொண்டே யோசித்தார். காரின் பின்பெட்டியில் இரண்டு மண் மூட்டை வைத்தால் என்ன? சில்லுக்குச் சங்கிலி கட்டினால் என்ன? கடைசியில் அந்தச் சொல்லும் வந்துவிட்டது. "இல்லாட்டில், ஒரு நாலு மாதம்தானே. சட்டன் கிளினிக்கும் நல்ல இடம். உள்ளுக்குச் சூடா இருக்கும்."

அஜந்தா கழற்றிய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"மூண்டு மாதமா லண்டன் முழுக்கக் கேட்டுத் திரிஞ்சனீங்கள். கோயில் ஐயரிட்டைக்கூடக் கேட்டனீங்கள். அந்தக் காரை ஓடப்போற என்னட்டை, உமக்கு என்ன வேணும், நீர் போற றோட்டு எப்பிடி எண்டு ஒரு கேள்வி கேட்டனீங்களோ? நான் வாயைத் திறந்தால் கையைக் காட்டினியள். வெம்பிளியில காலை மிதிச்சனீங்கள். இப்பவும் நோகுது."

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவர் அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தார், ஆனால் அவளை விட்டுவிட்டுச் செய்தார். அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அஜந்தா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஆனந்தராஜா குசினிக்குள் ஓடப் பார்த்தார், மிதுஷா வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பாலாம்பிகை அக்கா, நான் அஜந்தா. குறை நினைக்காதேங்கோ. அந்தக் காரில முன் சில்லு ரெண்டும்தான் இழுக்குது. பின் சில்லுக்கு ஒண்டுமில்லை. எனக்கு வேலைக்கு நாலு சில்லும் வேணும், அக்கா. இல்லையெண்டால் மேட்டில இருக்கிற என்ர ஆக்களை நான் பாக்கேலாது."

ஆனந்தராஜா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை!" என்றார் பாலாம்பிகை. "உண்மையாவோ? நாலு சில்லும் இழுக்குமெண்டுதானே எங்களுக்கும் சொல்லித் தந்தவை!"

"ஆர் தந்தவை, அக்கா?"

"சவுத்தாலில எங்கட ஆக்கள்தான். நல்ல சனம். நாங்கள் கார் பாக்கப் போனால், இருத்தி வைச்சுப் புட்டும் மீன்குழம்பும் தந்தவை. பேந்து எப்பிடிப் பிள்ளை குனிஞ்சு பாக்கிறது? இஞ்ச வெம்பிளியில பனியெங்க, மேடெங்க, எங்களுக்குத் தெரியவும் வரேல்லை." பிறகு ரகசியம் சொல்வது போலக் குரலைத் தாழ்த்தினார். "அவையும் உப்பிடித்தான் ஆரோ எங்கட ஆக்களிட்டை வாங்கினவையாம்."

அஜந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாலாம்பிகையும் சிரித்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. எத்தனை வீட்டு வடையும் குழம்பும் அந்த இல்லாத தண்டை மறைத்து வைத்ததோ, யாருக்குத் தெரியும்.

"புதன்கிழமை காரைக் கொண்டு வாங்கோ. எங்கட மகள் இப்ப ஓடப் பழகுறாள், அவளுக்கு முன் சில்லு இழுத்தால் காணும். காசை இவர் திருப்பிப் போட்டுவிடுவார். ஆனால் ஒண்டு, சாப்பிடாமல் போக விடமாட்டன்!"

புதன்கிழமை போய்க் காரைக் கொடுத்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, ரயிலில் திரும்பினார்கள். முகத்தில் அடிப்பார்கள் என்று பயந்துகொண்டு போன ஆனந்தராஜாவுக்குக் கிருஷ்ணராசா இரண்டாம் தரமும் சொதி ஊற்றினார்.

ஆறு நாள் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை ஆனந்தராஜா யூடியூப்பைத் திறக்கவில்லை. அஜந்தா பமெலாவோடு போனில் பேசினாள். அந்த மேட்டில் குடியிருக்கிறவர்கள் என்ன வண்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். பெரிய ஜீப் ஒழுங்கைக்குள் திரும்பாது, பாரம் கூடியது வழுக்கினால் நிற்காது, பாதிப் பேர் வைத்திருப்பது தன்னுடையதைப் போன்ற பெட்டி வண்டிதான் என்றார் பமெலா. அந்த மேட்டில் இருபது வருடம் கடிதம் கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா தன்னுடையதை விற்கப் போவதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை போனார்கள். வண்டி நன்றாகத்தான் இருந்தது, நிறம்தான் கடுகு அரைத்துப் பூசியது போல இருந்தது. ஆனந்தராஜாவின் முகம் சுருங்கியது. ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. தபால்கார அம்மா கதவைத் திறந்து, முதலில் உள்ளே வந்து தேநீர் குடியுங்கள் என்றார்.

"முதல் வண்டியைப் பார்க்கிறோம், பிறகு குடிக்கிறோம்," என்றாள் அஜந்தா, சிரித்துக்கொண்டு. தபால்கார அம்மா ஒரு சாக்கை எடுத்துத் தரையில் விரித்தார், அவ்வளவுதான். யாருடைய மானமும் போகவில்லை.

அஜந்தா தன்னுடைய பெரிய மருந்துப் பையைத் தூக்கி உள்ளே வைத்துப் பார்த்தாள், இறக்கினாள், திரும்ப வைத்தாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை ஏறி இறங்க வேண்டும், ஆகவே முழங்கால் நோகாமல் ஏற முடிகிறதா என்று பத்துத் தடவை ஏறி இறங்கினாள். பனி டயர் இருக்கிறதா என்று கேட்டாள். கராஜுக்குள் நாலும் இருந்தன. ஒழுங்கைக்குள் ஓட்டி, ஒரே வெட்டில் திருப்பிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்து, "படுங்கோ," என்றாள்.

ஆனந்தராஜா சாக்கில் மல்லாந்து படுத்து, டோர்ச்சோடு வண்டிக்கு அடியில் போனார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பிறகு புதையல் கண்டவரைப் போல ஒரு கூச்சல்.

"இருக்கு! தண்டு இருக்கு! பெட்டியும் இருக்கு, அஜந்தா!"

வண்டி கைமாறியது. செபமாலைமுத்து அண்ணை வீடியோவில் பார்த்துவிட்டு, "தம்பி, உந்தக் கலரில கலியாண வீட்டுக்குப் போகேலாது," என்றார்.

"கலியாண வீட்டுக்கு பஸ்ஸில போவம், அண்ணை," என்றாள் அஜந்தா, ஆனந்தராஜாவின் தோளுக்கு மேலால்.

டிசம்பர் முதலாம் திகதி டீம் லீடர் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். குன்றுச் சுற்று அஜந்தாவின் கையில்தான் இருந்தது. ஆனால் பனி வர வேண்டுமே? டிசம்பர் முழுக்க மழைதான். ஆனந்தராஜா தினமும் வானிலை அறிக்கையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஜனவரி இரண்டாவது கிழமை, அவருக்கு லீவு நாள், விடியும்போது ஜன்னலுக்கு வெளியே ஊரே வெள்ளையாக இருந்தது. பஸ் ஓடவில்லை, பள்ளிக்கூடம் பூட்டு. அஜந்தா நீலச் சட்டைக்கு மேலே கோட்டைப் போட்டாள்.

"நானும் வாறன். தனிய விட ஏலாது," என்றார் ஆனந்தராஜா.

இரண்டு பேரும் வாசலுக்கு வந்தார்கள். அவர்களுடைய இருபத்தொரு வருடக் கலியாணத்தில், ஒன்றாகப் போனால் ஓட்டுவது ஆனந்தராஜாதான். யாரும் தீர்மானித்ததில்லை, அப்படியே வந்துவிட்டது. அவர் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கம் போய்க் கதவில் கையை வைத்துவிட்டார். அஜந்தா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பனியில் நின்றாள். ஆனந்தராஜா கையை எடுத்தார், சுற்றி வந்து மற்றப் பக்கம் ஏறிக்கொண்டார்.

கோல்ஸ்டன் அடிவாரத்தில் மூன்று கார்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. ஒரு பெரிய ஜீப் ஓரமாகக் குறுக்கே நின்றது. அஜந்தா இரண்டாம் கியரைப் போட்டு, பிரேக்கைத் தொடாமல், அவசரமும் படாமல் ஏறினாள். ஆனந்தராஜா தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார். வண்டி ஒருதரம் ஆடியது, பிறகு பின் சில்லுகள் கடித்துப் பிடித்தன, ஏறியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்திருந்தாள். இந்த முகத்தை அவர் பரீட்சைக் காலத்தில் பார்த்திருக்கிறார். அப்போது அவர் அதைக் களைப்பு என்று நினைத்தார்.

மிஸ்டர் பிரைஸின் வீட்டுப் படி வழுக்கியது. ஆனந்தராஜா பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். கதவைத் தட்டி நெடுநேரம் கழித்துத்தான் திறந்தது. கிழவர் இரவு உடுப்போடு, மேலே ஒரு கம்பளி அங்கியோடு நின்றார். அவளைப் பார்த்ததும் அவருடைய வாய் திறந்தபடியே நின்றது.

"நீ வரமாட்டாய் என்று நினைத்தேன். யாராலும் வர முடியாது என்று நினைத்து, நான் இன்றைக்குக் காற்சட்டைகூடப் போடவில்லை."

"நல்லது. மடிக்கிற வேலை மிச்சம்," என்றாள் அஜந்தா.

கிழவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார். துவாய் தேடி அவசரமாக உள்ளே போகப் பார்த்தார், அவள் பிடித்து இருத்தினாள். பிறகு தரையில் முழங்காலிட்டு, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆனந்தராஜா வாசலோடு நின்று பார்த்தார். அவள் இந்த வேலைக்கு வந்து எத்தனையோ வருடம், ஒருநாளும் பார்த்ததில்லை. பழைய கட்டை அவள் பிரிக்கிற பொறுமையையும், கிழவர் நோகாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் நிமிர்ந்து பார்ப்பதையும் பார்த்தபோது, சட்டன் கிளினிக் சூடா இருக்கும் என்று சொன்ன வாயை அவர் மனதுக்குள் நன்றாகத் திட்டினார்.

வெளியே வரும்போது அஜந்தாவின் போன் அடித்தது. டீம் லீடர். மற்ற இரண்டு நேர்ஸ்மாரும் வழியில் மாட்டிக்கொண்டார்கள், மேட்டில் இன்னும் நாலு வீடு இருக்கிறது, முடியுமா?

"ஏலும்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் இன்னொரு தடவை சொன்னாள்.

வண்டிக்குள் ஏறி, கையைத் தேய்த்துச் சூடாக்கினாள். ஆனந்தராஜா பையைப் பின்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, ஆசனப் பட்டியைப் போட்டார். கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார்.

"அஜந்தா, அடுத்த வீட்டுக்குப் போற றோட்டு எப்பிடி?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. கண்ணாடியில் ஒட்டிய பனியை வைப்பர் வழித்தது. அவள் வண்டியைக் கிளப்பி, முதல் வளைவு கொஞ்சம் ஏமாற்றும், வேலிக்குப் பக்கத்தில் பள்ளம் இருக்கும், அங்கே இருக்கிற அம்மாவுக்குக் காது மந்தம், எந்த நேரமும் குசினியிலதான் இருப்பா, ஆகவே பின் கதவைத்தான் தட்ட வேணும் என்று சொல்லத் தொடங்கினாள். நாலாவது வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஆனந்தராஜா குறுக்கே ஒரு சொல்லும் சொல்லாமல் கேட்டுக்கொண்டு வந்தார்.